அவையறிந்து பதிவிடல்

நுழையும்முன்

மனக்குறையை நெருங்கியவரிடம் சொல்லி ஆறுதல் அடைவது மனித இயல்பு. திண்ணையிலும் தேநீர்க்கடையிலும் நிகழ்ந்த அந்தப் பேச்சு இன்று கைப்பேசித் திரைக்கு இடம்மாறியுள்ளது. இடம் மாறியபோது கேட்போரும் மாறினர், விளைவும் மாறியது. ஒருவர் தம் சொந்தப் பக்கத்தில் எழுதிய சில வரிகளுக்காக வேலையை இழக்கலாமா? சட்டம் அதனை எவ்வாறு நோக்குகிறது? நாளை பணிக்குச் செல்லவிருக்கும் நாம் அறிய வேண்டிய செய்திகளை இப்பாடம் விளக்குகிறது.

திண்ணைப் பேச்சும் திரைப் பேச்சும்

தேனி மாவட்டத்தில் பெரியகுளத்திலிருந்து வத்தலக்குண்டு செல்லும் சாலையில் அமைந்த பேரூர் தேவதானப்பட்டி. அடைத்த கதவுக்கே பூசை நடைபெறும் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலாலும் மஞ்சளாற்று அணையாலும் பெயர்பெற்றது. இத்தகைய ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்கும் நூற்பாலைக்கும் வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் செல்வோர் உளர்; கடல்கடந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரும் உளர்.

வேலை முடிந்து ஊர் திரும்புவோர் தேநீர்க்கடையில் கூடும்போது பேசுவது பெரும்பாலும் அன்றைய பணியைப் பற்றியே. மேற்பார்வையாளரின் கடுமொழி, தள்ளிப்போகும் ஊதியம், பதவி உயர்வில் காட்டப்பட்ட பாகுபாடு ஆகியன அங்கே அலசப்படும். சில நேரம் சொல் வரம்பு மீறும். எனினும் கேட்போர் நால்வர்; நால்வருக்கும் பேசுபவரின் இயல்பு தெரியும். சினத்தில் சொன்னது எது, விளையாட்டாகச் சொன்னது எது எனப் பிரித்தறிய அவர்களால் இயலும். தேநீர்க் குவளை காலியாகும்போது பேச்சும் முடிந்துவிடும்.

அதே பேச்சை முகநூலிலோ புலனம் எனப்படும் வாட்ஸ்அப் குழுவிலோ எழுதுபவர், அதே நால்வரை மனத்தில் கொண்டே எழுதுகிறார். ஆனால், படிப்போர் நால்வர் அல்லர். முகம் தெரியாதோர், குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேளாதோர், எழுதியவரின் அன்றைய மனநிலையை அறியாதோர் அதனைப் படிக்கின்றனர். வேலை தந்த நிறுவனமும் அவர்களுள் ஒன்றாக இருக்கலாம்.

பேச்சின் பயன் பேசுபவரை மட்டும் பொறுத்ததன்று. கேட்கும் அவையையும் பொறுத்தது என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். திருக்குறளில் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, சொல்வன்மை ஆகிய அதிகாரங்களோடு அவையறிதல், அவையஞ்சாமை என இரு தனி அதிகாரங்களும் அமைந்துள்ளன. பேசுவதற்குமுன் அவையை அறிய வேண்டும். அறிந்தபின் அஞ்சாமல் பேச வேண்டும். சமூக ஊடகத்தில் நேரும் இடர்களின் வேர், எழுதுபவர் தம் அவையை அறியாமையே.

ஒரு பதிவு வேலையைத் தொடுவது எப்படி?

தனிப்பட்ட பதிவு ஒன்று பணியிடம்வரை செல்வதற்கு நான்கு காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, நிலைபேறு. பேசிய சொல் மறையும். எழுதிய பதிவு நிற்கும். நீக்கிவிட்டதாக நாம் எண்ணும் பதிவு வேறொருவர் கைப்பேசியில் திரைப்பிடிப்பாக வாழும்.

இரண்டாவது, இடமாற்றம். நட்புக் குழுவில் எழுதியதை ஒருவர் வெட்டி எடுத்து வேறு குழுவில் இடும்போது முன்னும் பின்னும் இருந்த உரையாடல் உதிர்ந்துவிடுகிறது. எஞ்சுவது சினம் தோய்ந்த ஒரு வரி மட்டுமே.

மூன்றாவது, அடையாளம். பலர் தம் பக்கத்தில் பணிபுரியும் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடுகின்றனர். சீருடையோடும் அடையாள அட்டையோடும் எடுத்த படத்தை வைக்கின்றனர். அதனால் தனிமனிதரின் சொல் நிறுவனத்தின் சொல்லாகத் தோற்றம் கொள்கிறது.

நான்காவது, கூட்டத்தின் அழுத்தம். ஒரு பதிவால் சினமுற்றோர் எழுதியவரோடு வாதிடுவதில்லை; அவருடைய நிறுவனத்தின் பக்கத்துக்குச் சென்று நடவடிக்கை கோருகின்றனர். தன் நற்பெயருக்கு அஞ்சும் நிறுவனம் விசாரணைக்கு முன்பே முடிவெடுத்துவிடுவதும் உண்டு.

2013 டிசம்பரில் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகருக்கு விமானம் ஏறிய பெண் ஒருவர், புறப்படுமுன் ஆப்பிரிக்க மக்களையும் எய்ட்ஸ் நோயையும் தொடர்புபடுத்திக் கீச்சகத்தில் ஒரு வரி எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தோர் ஏறத்தாழ 170 பேர். விமானம் வானில் இருந்த பதினொரு மணி நேரத்துக்குள் அவ்வரி உலகெங்கும் பரவியது. அவர் வேலையை இழந்தார். நகைச்சுவை என அவர் கருதியதை முன்பின் அறியாதோர் இனவெறுப்பாகவே படித்தனர். மேற்கூறிய காரணங்கள் யாவும் அந்த ஒற்றை வரியில் கூடியிருந்தன.

தெரிந்து தெளிவோம்

சமூக ஊடகங்கள் பரவுவதற்கு முன்பே இச்சிக்கல் தோன்றிவிட்டது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பணியாற்றிய ஹெதர் ஆம்ஸ்ட்ராங் என்பவர், உடன் பணியாற்றுவோரைப் பற்றித் தம் இணையப் பக்கத்தில் எழுதியதால் 2002-ஆம் ஆண்டில் வேலையிழந்தார். அப்பக்கத்தின் பெயர் டூஸ். பின்னாளில், இணையத்தில் எழுதியதற்காக வேலை இழத்தலைக் குறிக்க ‘டூஸ்டு’ என்னும் சொல் ஆங்கில வழக்கில் தோன்றியது.

மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பு

தமிழ்நாடு கிராம வங்கியில் பணியாற்றிய அலுவலக உதவியாளர் ஒருவர் தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டிருந்தார். அவர் வங்கியின் நிர்வாக நடைமுறைகளையும் மேலதிகாரிகளையும் குறைகூறும் செய்தியைப் புலனக் குழு ஒன்றில் பகிர்ந்தார். அது நிர்வாகத்தின் பார்வைக்குச் சென்றது. நடத்தை விதிகளை மீறினார் என அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்பட்டது. குறிப்பாணை என்பது ஒழுங்கு நடவடிக்கையின் முதற்படி. விளக்கம், விசாரணை, தண்டனை என அது படிப்படியாகச் செல்லும். இறுதிப் படி பணிநீக்கமாகவும் இருக்கலாம். எனவே, அவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். 2004-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இக்கிளையின் எல்லைக்குள்தான் தேனி மாவட்டமும் அடங்குகிறது.

2023-ஆம் ஆண்டில் வழக்கை விசாரித்த நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் அக்குறிப்பாணையை நீக்கினார். தீர்ப்பின் அடிப்படைகள் மூன்று.

நிறுவனத்தில் பணிபுரியும் எவருக்கும் நிர்வாகத்தின்மீது ஏதேனும் ஒரு மனக்குறை இருப்பது இயற்கை. அக்குறை வெளிப்பட்டு ஆறுவது நிறுவனத்துக்கும் நன்மையே. மனக்குறையைக் கொட்டித் தீர்க்கும் உரிமை பணியாளருக்கு உண்டு என்பது முதல் அடிப்படை.

வீட்டில் அமர்ந்து நண்பரோடு பேசும்போது சட்டத்துக்குப் புறம்பாகாத ஒன்று, உறுப்பினர் அல்லாதோர் நுழைய இயலாத, மறையாக்கம் செய்யப்பட்ட குழுவில் பேசப்படும்போதும் சட்டத்துக்குப் புறம்பாகாது என்பது இரண்டாவது.

அப்பேச்சால் நிறுவனத்தின் நற்பெயருக்கு உண்மையாகவே கேடு விளையுமாயின் நிர்வாகம் தலையிடலாம். அதுவரை தலையிடலாகாது என்பது மூன்றாவது.

இத்தீர்ப்பு எல்லாப் பதிவுகளுக்கும் பொதுவான காப்பு அன்று என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். நீதிமன்றம் பேச்சு நிகழ்ந்த இடத்தையும் அதன் விளைவையும் சேர்த்தே எடைபோட்டது. கதவடைத்த அறையில் பேசியதும் கடைத்தெருவில் கூவியதும் ஒன்றல்ல. யாரும் காணத்தக்க முகநூல் பக்கத்தில் இடும் பதிவு கடைத்தெருவில் கூவியதற்கு நிகராகும்.

அரசு ஊழியரின் பேச்சுரிமை

அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் நடைமுறையில் உள்ளன. மத்திய அரசுப் பணியாளர்க்கு 1964-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. அரசியலில் பங்கேற்றல், அரசின் கொள்கையை வெளிப்படையாகக் கண்டித்தல், அலுவலக மறைபொருளை வெளியிடுதல் ஆகியவற்றை இத்தகைய விதிகள் கட்டுப்படுத்துகின்றன. முகநூல் தோன்றியது 2004-இல். புலனம் தோன்றியது 2009-இல். எனவே, மேடையையும் செய்தித்தாளையும் எண்ணி எழுதப்பட்ட விதிகளே கைப்பேசித் திரைக்கும் பொருத்திப் பார்க்கப்படுகின்றன.

விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பதால் ஒருவர் தம் அடிப்படை உரிமையை முற்றாக இழந்துவிடுவதில்லை. இந்திய அரசமைப்பின் 19-ஆவது உறுப்பு கருத்துரிமையை வழங்குகிறது. அதற்குரிய நியாயமான வரம்புகளையும் அதுவே கூறுகிறது. பீகார் மாநில அரசு ஊழியர்கள் தொடுத்த காமேஷ்வர் பிரசாத் வழக்கில், அரசுப் பணியில் சேர்வதால் ஒருவர் அடிப்படை உரிமைகளைத் துறந்தவர் ஆகமாட்டார் என்பதை உச்ச நீதிமன்றம் 1962-லேயே தெளிவுபடுத்தியது.

அதே கருத்தைச் சமூக ஊடகத்துக்கும் பொருத்தியது திரிபுரா உயர்நீதிமன்றம். அம்மாநில மீன்வளத்துறையில் பணியாற்றிய பெண் ஊழியர் ஓர் அரசியல் பேரணிக்குச் சென்றார் என்றும், முகநூலில் அரசியல் சார்ந்த பதிவிட்டார் என்றும் குற்றம் சாட்டப்பட்டது. ஓய்வு பெறச் சில நாள்களே இருந்தபோது அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். வாழ்நாள் உழைப்பின் பயனாகிய ஓய்வூதியப் பலன்கள் தடைப்பட்டன. 2020 சனவரியில் தீர்ப்பளித்த தலைமை நீதிபதி அகில் குரேஷி, அரசு ஊழியரும் தம் நம்பிக்கைகளைக் கொண்டிருக்கவும், விதிகளின் வரம்புக்குள் அவற்றை வெளியிடவும் உரிமை உடையவர் என்றார். பேரணியைக் காணச் செல்வது வேறு, அதில் பங்கேற்பது வேறு எனவும் வேறுபடுத்தினார். அவர்மீதான நடவடிக்கை நீக்கப்பட்டது.

தனியார் நிறுவனங்களில் நிலை வேறு. கருத்துரிமையை முதன்மையாக அரசுக்கு எதிராகவே நாம் கோர முடியும். தனியார் நிறுவனப் பணியாளரை ஆள்வன அவர் கையொப்பமிட்ட பணி ஒப்பந்தமும், நிறுவனத்தின் நடத்தை நெறிகளும், தொழிலாளர் சட்டங்களும் ஆகும். பணியில் சேரும் நாளில் படிக்காமல் கையொப்பமிடும் தாள்களுக்கிடையே சமூக ஊடகம் பற்றிய விதியும் இருக்கக்கூடும்.

காப்பைப் பெறாத சொற்கள்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-அ பிரிவு, பிறருக்கு எரிச்சலூட்டும் பதிவையும் குற்றமாக்கியது. 2012-இல் மராட்டிய மாநிலம் பால்கரில் முகநூல் பதிவுக்காக ஒரு பெண்ணும், அதனை விரும்பியதற்காக அவர் தோழியும் கைது செய்யப்பட்டனர். இந்நிகழ்வை ஒட்டித் தொடுக்கப்பட்ட சிரேயா சிங்கால் வழக்கில், 2015 மார்ச்சு 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. இதனால் இனி எதையும் எழுதலாம் எனச் சிலர் எண்ணினர். அது பிழை. சிறைக்கு எதிரான காப்பு வேலைக்கும் காப்பு ஆகாது.

2018 ஆகத்தில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, துயர்துடைப்பு முகாம்களுக்கு விடாய்க்கால அணையாடைகள் தேவை என இணையத்தில் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. ஓமான் நாட்டில் பேரங்காடி ஒன்றில் பணியாற்றிய கேரள இளைஞர் ஒருவர் அதன்கீழ் இழிவான நகையுரை எழுதினார். எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இங்கே அவர் எவரிடமும் குறை கூறவில்லை, துயருற்றோரை எள்ளினார். மனக்குறையைக் கொட்டும் உரிமை எள்ளலையும் வெறுப்பையும் காக்க வந்ததன்று.

அயல்நாட்டில் பணிபுரிவோர்க்கு அந்நாட்டுச் சட்டமும் பொருந்தும். ஐக்கிய அரபு அமீரகத்தில் சமயம், இனம், நிறம் ஆகியவற்றின் அடிப்படையில் வெறுப்பைப் பரப்புவதைத் தடைசெய்யும் சட்டம் 2015 முதல் உள்ளது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் சமய வெறுப்புப் பதிவுகளால் இந்தியர் சிலர் அங்கே வேலை இழந்தனர். இச்சட்டத்தை மறக்க வேண்டா என இந்தியத் தூதர் தம் நாட்டவர்க்கு நினைவூட்ட நேர்ந்தது. கடன்பட்டுக் கடல்கடந்த ஒருவர் வேலை இழப்பது ஒரு குடும்பமே நிலைகுலைவதாகும்.

தாம் எழுதாமல் பகிர்ந்ததற்கும் பொறுப்பு உண்டு. பெண் இதழாளர்களை இழிவுபடுத்திய பதிவு தொடர்பான வழக்கில், ஒன்றைப் பகிர்வது அதனை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2018-இல் கூறியது. 2023-இல் அவ்வழக்கு மீண்டும் வந்தபோது, அனுப்பிய செய்தியை வில்லினின்று விடுபட்ட அம்புக்கு ஒப்பிட்டது. கையிலிருக்கும்வரை அம்பு எய்பவரின் கட்டுப்பாட்டில் உள்ளது. விடுபட்டபின் விளைவை அவர் ஏற்றே ஆக வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் பஃபலோ நகரில் சமூகநல அமைப்பு ஒன்றின் பணியாளர் ஐவர், தம் வேலைப்பளுவைப் பற்றி முகநூலில் உரையாடியதற்காக நீக்கப்பட்டனர். பணிநிலை குறித்துத் தொழிலாளர் கூடிப் பேசுவது 1935-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டத்தால் காக்கப்படுகிறது எனவும், முகநூல் உரையாடலும் அவ்வாறு கூடிப் பேசுதலே எனவும் அந்நாட்டுத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2012-இல் முடிவு செய்தது.

நிறுவனத்தின் கடமை

பொறுப்பு பணியாளருக்கு மட்டும் உரியதன்று. ஒருவரின் வேலையைப் பறிப்பது அவர் குடும்பத்தின் உணவையும் பிள்ளைகளின் கல்வியையும் தொடும் செயல். ஆகவே, நிறுவனம் சில நெறிகளைக் காக்க வேண்டும். எது கூடும், எது கூடாது என்பதைப் பணியாளருக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். குற்றச்சாட்டு எழுந்தால் அதனை எழுத்தில் தந்து விளக்கம் கேட்க வேண்டும். இது இயற்கை நீதியின் முதற்கோட்பாடு. அரசுப் பணியாளரை விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யலாகாது என்பதை, மிகச் சில விலக்குகளோடு, அரசமைப்பின் 311-ஆவது உறுப்பு வலியுறுத்துகிறது. தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எச்சரிக்கை போதுமான இடத்தில் பணிநீக்கம் கூடாது. கூட்டத்தின் சினத்தைத் தணிப்பதற்காக ஒருவரைப் பலியிடுவது நீதியாகாது.

பணியாளரின் தனிவாழ்வை வேவு பார்ப்பதும் தகாது. தனியுரிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகத்து 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். குறைகளைச் சொல்ல நிறுவனத்துக்குள்ளேயே வழி இருக்குமானால், அவை வெளியே செல்லும் தேவை குறையும். வாய்க்கால் வெட்டப்படாத வயலில்தான் நீர் வரப்பை உடைக்கிறது.

பதிவிடும்முன் எண்ணுவோம்

வேலை போய்விடும் என்னும் அச்சத்தால் வாய்மூடிக் கிடப்பது தீர்வன்று. முறைகேட்டைக் கண்டும் பேசாதிருத்தல் பெருங்கேடு. எனினும், எங்கே, எவரிடம், எச்சொல்லால் பேசுவது என்பதில் தெளிவு வேண்டும்.

ஊதியக் குறையோ மேலதிகாரியின் அத்துமீறலோ நேர்ந்தால் நாளும் நிகழ்வும் குறித்து எழுத்தில் முறையிடுதல் முதல் வழி. தொழிற்சங்கம், தொழிலாளர் துறை அலுவலகம், நீதிமன்றம் ஆகியன அடுத்த வழிகள். பதிவு காற்றில் பரவும்; மனு கோப்பில் நிற்கும். தீர்வு தரும் கடமை மனுவைப் பெற்றவருக்கே உண்டு.

பதிவிட்டே ஆக வேண்டும் எனின், செயலைக் கண்டிக்கலாம், ஆளை இழித்துரைக்கலாகாது. சான்று உள்ளதை மட்டும் எழுத வேண்டும். வாடிக்கையாளர், நோயாளர், மாணவர் ஆகியோர் பற்றிப் பணிவழி அறிந்ததை எவ்விடத்தும் வெளியிடலாகாது. ‘இவை என் சொந்தக் கருத்துகள்’ என்னும் ஒரு வரி முழுக்காப்பு ஆகாது என்பதையும் உணர வேண்டும். சினம் மிகுந்த பொழுதில் எழுதியதை உடனே வெளியிடாமல் மறுநாள் படித்துப் பார்ப்பது நன்று. இரவில் நியாயமாகத் தோன்றிய சொல், காலையில் வேறொருவர் எழுதியதுபோல் தோன்றக்கூடும்.

உரிமையும் பொறுப்பும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. அவையஞ்சாமல் பேசும் துணிவை வேண்டிய வள்ளுவர், அதற்கு முன்னதாகவே அவையறிதலை வைத்தார். எழுதும் அவையை அறிந்தவரின் சொல்லுக்கு வலிமை மிகுதி. அவர் கேள்வி கேட்கும்போது நிர்வாகமும் செவிசாய்க்க நேரும். அவையறிந்து பதிவிடுவோம், நேர்மையானதை அஞ்சாமல் பதிவிடுவோம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மக்கள் கூடிப் பேசும் இடத்தையும் ஒரு புலனக் குழுவையும் ஒப்பிட்டு, இரண்டிலும் பேச்சு எவ்வாறு வேறுபடுகிறது என ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘பணியாளரின் தனிப்பட்ட பதிவில் நிறுவனம் தலையிடலாம் / தலையிடலாகாது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. ஊதியம் தாமதமாவது குறித்து நிர்வாகத்துக்கு முறையீட்டு மடல் ஒன்று வரைக.

மதிப்பீடு

குறுவினா

1. குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்பது யாது?

2. பகிர்தல் குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2018-இல் கூறிய கருத்து யாது?

சிறுவினா

1. தனிப்பட்ட பதிவு பணியிடம்வரை செல்வதற்கான காரணங்களை விளக்குக.

2. ‘சிறைக்கு எதிரான காப்பு வேலைக்கும் காப்பு ஆகாது’ – இத்தொடரைப் பாடப்பகுதி கொண்டு தெளிவுபடுத்துக.

நெடுவினா

கிராம வங்கிப் பணியாளர் வழக்கின் தீர்ப்பு எவற்றைக் காக்கிறது, எவற்றைக் காக்கவில்லை என்பதைத் தக்க சான்றுகளுடன் கட்டுரைக்க.